ஏழு மணிக்கு எங்கே உட்காருவது?

கேள்வி: எனக்கு 43 வயது. ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊர். விசைத்தறி மெக்கானிக். சாயங்காலம் ஏழு மணிக்கு வேலை முடிந்தால் நேரே கடைக்குத்தான். தினமும் இரண்டு குவாட்டர். மூன்று மாதமாகக் காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. ராத்திரியே எடுத்து வைத்த கட்டிங்கை ஊற்றினால்தான் ஸ்பேனர் பிடிக்க முடிகிறது. போன வருடம் ஒரு மறுவாழ்வு மையத்தில் 28 நாள் இருந்தேன். வீட்டுக்கு வந்த 22-ஆம் நாள் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இப்போது டாக்டர் ‘ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்’ என்கிறார். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சர்ச்சில் நடக்கும் என்கிறார்கள். நாங்கள் குலதெய்வம் கும்பிடுகிறவர்கள். அங்கே எழுந்து நின்று பேச வேண்டுமா? ஊருக்குத் தெரிந்தால் பத்தாவது படிக்கும் என் மகளுக்குத் தலைகுனிவு. வெறும் பேச்சு குடியை நிறுத்துமா? இதற்கிடையே என் மனைவி ஏதோ விளம்பரம் பார்த்து, சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாள். அலமாரியில் தற்செயலாகப் பார்த்தேன். என்ன செய்வது?

பதில்: ஏ.ஏ. கூட்டத்தைப் பற்றித்தான், அதாவது குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் காலைக் கட்டிங்கைப் பேசி முடித்துவிடுவோம், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து அதில்தான் இருக்கிறது.

ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் கணக்குப் பார்த்தால் சுமார் 60 கிராம் சுத்தமான சாராயம். ராத்திரி இரண்டு, காலையில் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிராம். இந்த அளவுக்கு மூளை பழகிவிட்டது. ராத்திரி தூக்கத்தில் ஏழெட்டு மணி நேரம் சாராயம் உள்ளே போகாததால்தான் காலையில் கை நடுங்குகிறது. மனசு கேட்கிற குடி வேறு, உடம்பு கேட்கிற குடி வேறு. நீங்கள் இரண்டாவது கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஆகவே கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு நாளைக் காலையிலிருந்து ஒரேயடியாக நிறுத்துகிற வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் ஆனதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார்கள், போலீஸ் வந்து நிற்கிறது என்பார்கள், வேர்த்துக் கொட்டும், காய்ச்சல் அடிக்கும். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் ஆளை இழக்க நேரிடும். ஏற்கெனவே ஒருமுறை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தவர் நீங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இந்த விளைவுகள் முந்தைய முறையைவிடக் கடுமையாக வர வாய்ப்பு உண்டு.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுப் புறநோயாளி சீட்டு போட்டுக்கொண்டு போங்கள். ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் தமிழக அரசு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியிருக்கிறது. உங்களுக்கு அருகில் எது என்று சீட்டு போடும் இடத்திலேயே கேட்கலாம். டாக்டரிடம் மூன்று விஷயங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: எத்தனை குவாட்டர், கடைசியாக எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா. நடுக்கத்துக்கும் வலிப்பைத் தடுப்பதற்கும் குளோர்டயசிபாக்சைடு, லோராசிபாம் வகை மாத்திரைகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவார்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். இந்த ஊசி விஷயத்தை உங்கள் மனைவியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குடிப்பவர் மயங்கிக் கிடந்தால் பக்கத்து கிளினிக்கில் ‘ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். தயமின் தட்டுப்பாடு உள்ள உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் இருக்கிற கொஞ்சநஞ்ச தயமினும் செலவாகி, பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, நினைவு குழம்புவது என்று மூளை பாதிக்கப்படலாம். ‘தயமின் போட்டுவிட்டு ஏற்றுங்கள்’ என்று கேட்கத் தயங்கக் கூடாது.

அடுத்து, அலமாரியில் இருக்கும் பொடி. அதை இன்றைக்கே குப்பையில் போடச் சொல்லுங்கள். மனைவியைத் திட்டாதீர்கள், இத்தனை வருடம் பார்த்து ஓய்ந்துபோய்த்தான் வாங்கியிருக்கிறார். ‘குடிப்பவருக்குத் தெரியாமலேயே’ என்று விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராம் என்ற மருந்து கலந்திருந்தால் அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடிப்பவருக்கு முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர் செத்தே போகலாம். டைசல்பிராம் கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. ஈரல் பரிசோதனை பார்த்து, நீங்கள் தெரிந்து சம்மதித்து, குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழித்து ஆரம்பித்து, தினமும் மனைவி கண்ணெதிரே போட்டுக்கொண்டால் அது பலருக்குக் கைகொடுக்கிறது. மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும். அந்தக் காலத்தில் சில இருமல் டானிக்குகளும், தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களும்கூட ஆகாது. அரிஷ்டம் என்பதே புளிக்கவைத்த மருந்து, அதில் ஆல்கஹால் தானாகவே ஊறியிருக்கும். குடிக்கும் தவிப்பைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் என்று வேறு மாத்திரைகளும் உண்டு. எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை உங்கள் ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து டாக்டர் சொல்வார்.

இனி கூட்டத்துக்கு வருவோம்.

போன முறை ஏன் 22-ஆம் நாள் சறுக்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மையத்துக்குள் இருந்த 28 நாளும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கதவு பூட்டியிருந்தது. யாரோ சாப்பாடு போட்டார்கள், யாரோ மணி அடித்தார்கள். வீட்டுக்கு வந்தபின் தறிச் சத்தம் நின்றதும் அதே ஏழு மணி, அதே தெரு, அதே நண்பர்கள், பாக்கெட்டில் கூலிப் பணம். மருந்து உடம்பைச் சரிசெய்தது. ஏழு மணியைச் சரிசெய்ய யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. கூட்டம் செய்கிற முதல் உதவியே அதுதான்: நீங்கள் குடிக்கிற நேரத்தில் உட்கார வேறு ஒரு நாற்காலி. தத்துவம், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகள் எல்லாம் பிறகு வரட்டும். பெரும்பாலான கூட்டங்கள் மாலை ஆறரை ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டு எட்டரைக்கு முடியும். ஆகவே கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எது வீட்டுக்குப் பக்கம் என்று மட்டும் பார்க்காதீர்கள். எது உங்கள் குடி நேரத்தில் விழுகிறது, எதற்குப் போகும் வழியில் கடை இல்லை என்று பாருங்கள். ஞாயிறு காலைக் கூட்டம் நல்லதுதான், ஆனால் சனிக்கிழமை கூலி வாங்கும் ஆளுக்குச் சனி சாயங்காலக் கூட்டம் பத்து மடங்கு உபயோகம்.

கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏக்ரன் என்ற ஊரில் குடியிலிருந்து மீள முயன்ற இரண்டு பேர் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. இந்தியாவில் அதன் பொதுச்சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் கூட்டங்கள் நடக்கும் ஊர்களும் தொடர்பு எண்களும் கிடைக்கும். கோவை, சென்னை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் தமிழில் நடக்கின்றன. இணையத்தில் தேடச் சிரமமாக இருந்தால் மருத்துவமனை மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்; அந்தப் பகுதிக் குழு உறுப்பினர்களின் எண் பெரும்பாலும் அவரிடம் இருக்கும். போதை மீட்புக்கு மத்திய அரசின் இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். மதுவிலக்குப் பிரிவின் 10581-ஐ இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது கள்ளச்சாராயம், கஞ்சா விற்பனையைப் புகார் செய்வதற்கான எண்.

நேராகக் கிளம்பிப் போகாமல் முதலில் போன் செய்யுங்கள். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பட்டியலில் இருக்கிற கூட்டம் இடம் மாறியிருக்கும், அல்லது அந்த ஹாலில் அன்றைக்குக் கல்யாண வரவேற்பு இருக்கும். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற மனிதன் எங்கே போவான் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போனில் ‘கூட்டம் எங்கே’ என்று மட்டும் கேட்டு வைத்துவிடாமல் இவற்றையும் கேளுங்கள். இந்த வாரம் கூட்டம் நிச்சயம் உண்டா, வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள், தமிழில்தானே, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, உள்ளே நுழைய எந்த வாசல். வெளியே பெரும்பாலும் பெரிய போர்டு எதுவும் இருக்காது. ‘பள்ளிக்கூடத்துப் பின் கேட், மாடிப்படிக்குக் கீழ் அறை’ என்கிற மாதிரி அடையாளம்தான் கிடைக்கும். கடைசியாக, ‘நான் முதல்முறை வருகிறேன், கேட்டில் யாராவது நிற்க முடியுமா’ என்று கேளுங்கள். கூச்சமாக இருக்கும். ஆனால் எதிர்முனையில் இருப்பவரும் ஒருநாள் அதே கேட்டில் கால் கூசி நின்றவர்தான். பெரும்பாலும் ஒருவர் பைக்கோடு வந்து நிற்பார்.

திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மனைவி, நண்பர், டாக்டர், யார் வேண்டுமானாலும். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். முதல்முறை மனைவியோடு போக நினைத்தால் திறந்த கூட்டமாகத் தேடுங்கள். தனியாகப் போவதென்றால் மூடிய கூட்டத்தில் ஆட்கள் இன்னும் மனம்விட்டுப் பேசுவார்கள்.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு வகுப்பறையோ சின்ன ஹாலோ. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறேழு பேரிலிருந்து இருபது பேர் வரை. மேசைமேல் சில புத்தகங்கள், பக்கத்தில் பிளாஸ்கில் டீ. ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அவர் தலைவரும் இல்லை, டாக்டரும் இல்லை, அந்த வாரத்து முறை அவருக்கு, அவ்வளவுதான். ஒரு நிமிட மௌனம், ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு சின்ன வாசிப்பு, 12 படிகள் வாசிப்பு. பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். இதைப் ‘பகிர்வு’ என்பார்கள். பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று ஆரம்பித்து, குடித்த காலத்தில் என்ன ஆனது, எப்படி நின்றது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஐந்து பத்து நிமிடம். பேசும்போது யாரும் குறுக்கே கேள்வி கேட்கவோ புத்தி சொல்லவோ கூடாது. இந்த ஒரு விதியை நம் ஊரில் வேறெந்தக் கூட்டத்திலும் பார்க்க முடியாது. சொந்த வீட்டில்கூடக் குடிகாரன் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச விடமாட்டார்கள். முடிவில் ஒரு பிரார்த்தனை, டீ.

உங்கள் முறை வரும்போது பெயரை மட்டும் சொல்லி ‘இன்றைக்குக் கேட்க வந்திருக்கிறேன்’ என்றால் போதும். அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். எழுந்து நிற்கவேண்டிய கட்டாயமும் கிடையாது. இனிஷியல், ஊர், சாதி, வேலை எதையும் கேட்கக் கூடாது. வருகைப் பதிவேடும் இல்லை. கட்டணமும் இல்லை. நடுவில் ஒரு பை சுற்றி வரும், உறுப்பினர்கள் பத்து இருபது போடுவார்கள். அறை வாடகை, டீ, புத்தகச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. முதல்முறை வருகிறவர் பையை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

சர்ச் விஷயத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது. மலிவான வாடகைக்கு, சாயங்காலம் காலியாக இருக்கும் அறை சர்ச் வளாகத்திலும் அவர்கள் பள்ளிக்கூடத்திலும்தான் எளிதில் கிடைக்கிறது. வாடகைக்கு இருப்பதாலேயே அந்தச் சபைக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தம் வந்துவிடாது. எந்த மதத்தோடும் கட்சியோடும் சேரக் கூடாது என்பதும் ஏ.ஏ. மரபுகளில் ஒன்று. 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மை. ஆனால் அது ‘நாம் புரிந்துகொண்ட விதத்தில்’ என்ற அடைமொழியோடு வருகிறது. உங்களுக்கு அது உங்கள் குலதெய்வமாக இருக்கலாம். சாமியே இல்லை என்கிற ஆட்களும் வருகிறார்கள். அந்தக் குழுவின் பலத்தையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள். சில குழுக்களில் பக்தி வாடை தூக்கலாக இருக்கும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒத்துவராவிட்டால் குழுவை மாற்றுங்கள், முயற்சியையே கைவிடாதீர்கள்.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. சின்ன ஊரில் ரகசியம் என்பதே கஷ்டம். ஒன்றை மட்டும் கசப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது: ஏழு மணிக்குக் கடை வாசலில் நிற்கும்போது உங்களை ஊரே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தால், அவரும் அதே காரணத்துக்குத்தான் வந்திருக்கிறார். அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது ஏ.ஏ.வின் அடித்தளம், ‘அனானிமஸ்’ என்ற பெயரே அதுதான். நடைமுறையில் விதி எங்கே மீறப்படுகிறதென்றால் வாட்ஸ்அப்பில். ஆண்டு நிறைவுக்குக் கேக் வெட்டும்போது யாரோ படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுவார்கள். ‘என் படம் வேண்டாம், என் எண்ணைக் கேட்காமல் குழுவில் சேர்க்காதீர்கள்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவ்வளவு தயக்கம் என்றால் முதல் இரண்டு மாதம் 30 கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். பஸ் பயணமும் சேர்ந்து உங்கள் சாயங்காலத்தை முழுசாக விழுங்கிவிடும். அதுவும் லாபம்தான்.

வெறும் பேச்சு குடியை நிறுத்துமா என்று கேட்டீர்கள். 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் எடுத்துப் பார்த்தது. ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான 12 படி சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம் வரை. மற்ற உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் 35 சதவீதம். மந்திரம் இல்லை, ஆனால் காசு வாங்காத ஒன்றுக்கு இது பெரிய பலன். போய் உட்கார்ந்தால் எல்லோருக்கும் நின்றுவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. நூற்றுக்கு ஐம்பது பேருக்கும் மேல் அந்த ஓராண்டுக்குள் எங்கேயோ சறுக்கியிருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. பேச்சு எப்படி வேலை செய்கிறது என்றால், முக்கியமாக உங்கள் கூட்டாளிகளை மாற்றுகிறது. இப்போது உங்கள் போனில் ‘வாடா’ என்று கூப்பிட எத்தனை எண்கள் இருக்கின்றன, ‘வேண்டாம்டா’ என்று சொல்ல எத்தனை எண்கள் இருக்கின்றன? ஆறு மாதத்தில் அந்தக் கணக்கு தலைகீழாக வேண்டும்.

எத்தனை கூட்டம் போவது? ‘90 நாளில் 90 கூட்டம்’ என்று பழைய உறுப்பினர்கள் சொல்வார்கள். அது விதி இல்லை, பழக்கம். சென்னையில் இருப்பவருக்கு அது முடியலாம், உங்கள் பக்கம் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். நேரில் வாரம் இரண்டு, மீதி நாளில் ஜூம் வழியாகத் தமிழில் நடக்கும் இணையக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். ஆனால் இணையத்தை மட்டும் நம்பாதீர்கள்: காதில் ஹெட்செட்டும் கையில் கிளாஸுமாக உட்கார்ந்து கூட்டம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நாற்காலி என்பது உடம்பை உட்காரவைப்பதற்கு. முதல் கூட்டத்தில் ‘இவர்கள் கேஸ் வேறு, நான் அவ்வளவு மோசமில்லை’ என்று தோன்றும். அந்த எண்ணம் அநேகமாக எல்லோருக்கும் வரும். குறைந்தது ஆறு கூட்டம், முடிந்தால் இரண்டு வேறு குழுக்களில் உட்கார்ந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஸ்பான்சர் என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். பணம் கொடுப்பவர் இல்லை; உங்களுக்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்தவர், தினமும் போனில் பேசக்கூடியவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். குறைந்தது ஓராண்டு தொடர்ந்து குடிக்காமல் இருப்பவராக, குழுவுக்குத் தவறாமல் வருகிறவராகப் பாருங்கள். கூட்டத்தில் அழகாகப் பேசுகிறவரைத் தேட வேண்டாம். டீ கிளாஸ் கழுவி, நாற்காலி அடுக்கிவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் பெரும்பாலும் நல்ல தேர்வு. உங்கள் முதலாளியோ, நீங்கள் கடன் வாங்கியவரோ வேண்டாம். ‘தற்காலிகமாக இருங்கள்’ என்று கேட்கலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம், மனக்கசப்பு வேண்டியதில்லை. யாராவது ‘டாக்டர் மாத்திரையைத் தூக்கிப் போடு, கூட்டம் மட்டும் போதும்’ என்றால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பதே ஏ.ஏ.வின் நிலை. கைமாற்று கேட்பவர், சீட்டு சேர்க்க, இன்சூரன்ஸ் போடக் கூப்பிடுகிறவர், தெரிந்த மறுவாழ்வு மையத்துக்கு ஆள் பிடிக்கிறவர் ஆகியோரிடமிருந்தும் தள்ளியிருங்கள். குழு நல்லதாக இருந்தாலும் அதில் வருகிற எல்லோரும் அப்படியே இருந்துவிட மாட்டார்கள்.

மறுபடி மையத்தில் சேர நேர்ந்தால் ஒன்று கவனியுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அந்த மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றை முதலில் காட்டச் சொல்லுங்கள். சங்கிலி, அடி, வீட்டாரைப் பார்க்க விடாமை ஆகியவை சிகிச்சையில் சேராது. வெளியே வருகிற நாளன்றே, முடிந்தால் அதே சாயங்காலம், ஒரு கூட்டத்தில் உட்காருங்கள். 22 நாள் காத்திருக்கக் கூடாது.

உங்கள் மனைவிக்கும் தனி இடம் இருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-இல் அமெரிக்காவில் உருவான அல்-அனான் தமிழ்நாட்டிலும் நடக்கிறது. பிள்ளைகளுக்கு அலட்டீன். நீங்கள் கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவர் போகலாம். பொடி வாங்குவதைவிட அது நல்ல வழி. பாட்டிலை ஒளித்துவைப்பது, கடன்காரருக்குப் பொய் சொல்வது, முதலாளிக்குப் போன் செய்து ‘காய்ச்சல்’ என்பது, இவையெல்லாம் குடியை எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்று அங்கே அனுபவப்பட்ட பெண்கள் சொல்லித்தருவார்கள்.

கூட்ட நாளை இப்படி ஓட்டிப் பாருங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கும்தான் குடியைக் கூப்பிடுகிற ஆட்கள் என்பார்கள். அதில் பசியை அடிப்பது சுலபம். ஐந்தரை மணிக்கே இரண்டு வாழைப்பழமோ ஒரு கை கடலையோ, கிடைத்தால் ரெண்டு இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு ஏழு மணியைச் சந்திக்கவே கூடாது. வேலையை ஆறேகாலுக்கு முடிக்க முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ‘ஆஸ்பத்திரி சிகிச்சை’ என்பது பொய்யில்லை. சனிக்கிழமைக் கூலியை மனைவி கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கடை இல்லாத வழியில் போங்கள், சுற்றாக இருந்தாலும் சரி. எட்டரைக்குக் கூட்டம் முடிந்தால் கடை சாத்தப் பத்து மணி. மிச்சமிருக்கும் அந்த ஒன்றரை மணி நேரமும் கணக்கில் வர வேண்டும்: கூட்டத்தில் ஒருவரோடு சேர்ந்து பஸ் ஸ்டாப் வரை வாருங்கள், வீட்டுக்கு வந்ததும் மகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், பத்து மணிக்கு ஸ்பான்சருக்கு ஒரு நிமிடம் போன் செய்யுங்கள்.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் அன்றைக்கும் போகலாம். உறுப்பினராக இருக்கக் கேட்கப்படும் ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். குடித்த நிலையில் வந்தால் ‘இன்று பேசாமல் கேளுங்கள்’ என்பார்கள், விரட்டமாட்டார்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும், கற்றது அழியாது. சறுக்கியவர்கள் கூட்டத்தை விட்டுப் போவது பெரும்பாலும் வெட்கத்தால். ‘இனி எந்த முகத்தோடு போவது’ என்று மூன்று நாள் தள்ளிப்போட்டால் அது மூன்று மாதமாகிவிடும். ஆனால் தொடர்ந்து பல நாள் பழைய அளவில் குடித்துவிட்டீர்கள் என்றால், கூட்டத்துக்கு முன் மருத்துவமனை. மேலே சொன்ன வலிப்பு அபாயம் அப்படியே திரும்பி வரும். டைசல்பிராம் போட்டுக்கொண்டிருக்கும்போது குடித்துவிட்டால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.

இத்தனை செய்தும் முதல் நாள் போய்ப் பார்த்தால் கேட் பூட்டியிருக்கலாம். அதற்கும் தயாராகப் போங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் இருக்கட்டும் என்று இரண்டு பேர் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பூட்டியிருந்தால் முதல் எண்ணைக் கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் இரண்டாவதை. அவர் வந்து சேரக் கால் மணி நேரம் ஆகலாம். அதுவரை பக்கத்து டீக்கடையில், தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒரு டீ சொல்லுங்கள். சர்க்கரை தூக்கலாகவே போடச் சொல்லுங்கள்.